எண்ணெய நிறுத்தியும் தொப்பை குறையலையே!

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயசு. நாலு மாசமா வீட்ல எண்ணெய், தேங்கா, நெய் எல்லாம் கட். காலைல இட்லி, மத்தியானம் ரசம் சாதம் மோர் சாதம், சாயங்காலம் காபியோட ரஸ்க், ராத்திரி மறுபடி இட்லி. தொப்பை அப்படியே இருக்கு, ரத்தத்துல இருக்கற கொழுப்பு, அதான் டிரைகிளிசரைடு, அது மட்டும் 160ல இருந்து 230 ஆயிடுச்சு. கொழுப்பே சாப்பிடாம கொழுப்பு எப்படி ஏறும்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நீங்க கொழுப்பு சாப்பிடல சார், உங்க ஈரல் அத தயார் பண்ணுது.

சோறு அப்படியே தொப்பையா மாறுதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறது பாதிதான் உண்மை. சாப்பிட்ட மாவுச்சத்துல கொஞ்சம் ஈரல்லயும் தசையிலயும் கிளைகோஜனா, அதாவது சேமிச்சு வெக்கற சர்க்கரையா சேரும், எல்லாம் சேத்து அரை கிலோ கிட்டதான் இடம், மீதிய உடம்பு எரிச்சிடும், ஆனா அத எரிக்கிற வரைக்கும் இன்சுலின் ஏறியே இருக்கும், அதனால ஏற்கனவே சேந்த கொழுப்பு வெளிய வராம அப்படியே உக்காந்திருக்கும். இடம் நிறைஞ்சும் தட்டு காலியாகலன்னா, அதுவும் சர்க்கரையா உள்ள போனா, ஈரல் அத டிரைகிளிசரைடா மாத்தி ரத்தத்துல விட்டுடும். உங்க 230க்கு முக்கிய சந்தேகம் அதுதான்.

அதுக்காக கொழுப்ப குறைக்கறது வேஸ்ட்னு சொல்லல. 2015ல அமெரிக்காவுல கெவின் ஹால்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 19 பேர ஆஸ்பத்திரி வார்டுலயே தங்க வெச்சு, கலோரிய ஒரே அளவு குறைச்சு பாத்தாங்க. கொழுப்ப குறைச்சப்போ ஒரு நாளைக்கு 89 கிராம் உடல் கொழுப்பு போச்சு, கார்போவ, அதான் மாவுச்சத்த, குறைச்சப்போ 53. ஆனா 2018ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில 609 பேர ஒரு வருஷம் அவங்கவங்க வீட்லயே சாப்பிட விட்டப்போ, கொழுப்ப குறைச்சவங்களுக்கு சராசரியா 5.3 கிலோ, கார்போவ குறைச்சவங்களுக்கு 6 கிலோ எடை குறைஞ்சுது, பெரிய வித்தியாசமே இல்ல. ரெண்டு பக்கமும் சர்க்கரை, மைதாவ குறைக்க சொல்லி இருந்தாங்க, அத கவனிங்க.

நீங்க எண்ணெய எடுத்துட்டு அந்த இடத்துல இன்னொரு கரண்டி வெள்ள சோறும் ரஸ்கும் வெச்சிருக்கீங்கன்னு தோணுது. பருப்பு, முட்டை, மீன் எதுவும் லிஸ்ட்லயே காணோம், அப்புறம் நாலு மணிக்கு பசிக்காம என்ன செய்யும்? பேக்கரி ரஸ்க்ல பலதுல வனஸ்பதி வேற இருக்கும், நல்லெண்ணெய தூக்கிட்டு அத சாப்பிடறது என்ன கணக்கு சார்!

தாளிக்க எண்ணெய் ஊத்திக்கோங்க. சோத்த பாதியாக்கி கீரை, சுண்டல், மீன் சேருங்க. காபில சர்க்கரை வேண்டாம், ரஸ்க் கூடவே கூடாது. சாப்பிட்டு 15 நிமிஷம் நடங்க. தண்ணி பழக்கம் பத்தி எழுதல, இருந்தா அதுவும் டிரைகிளிசரைட ஏத்தும். ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை), தைராய்டு பாத்துடுங்க, மூணு மாசம் கழிச்சு வெறும் வயித்துல லிப்பிட் டெஸ்ட் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) எடுத்து உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.