கேட்டதும் சொன்னதும்: மலைமேல் தொலைநோக்கிக்கு மின்சாரம்

கேள்வி: ஐயா, அமாவாசையை ஒட்டி நண்பர்கள் நாலு பேர் ஜவ்வாது மலைக்குப் போய் வானத்தைப் படம் எடுக்கிறோம். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மோட்டார் மவுன்ட், குளிரூட்டும் கேமரா, லென்ஸில் பனி படியாமலிருக்க ஹீட்டர் பட்டை, ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. வீட்டில் சும்மா கிடக்கும் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) இன்வெர்ட்டர் பேட்டரியையே எடுத்துப் போகலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: போகலாம், அதைத் தூக்க நாலு பேரும் சம்மதித்தால்! அந்த மாதிரி ட்யூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்குக் குறையாது. கொண்டை ஊசி வளைவில் சாய்ந்தால் டிக்கியில் ஆசிட் வேறு. இன்வெர்ட்டரும் வேண்டாம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் போட்டு மறுபடி 12 ஆக்குவானேன்? இரண்டு இடத்திலும் இழப்பு.

முதலில் கணக்குப் போடுங்கள். மவுன்ட் நட்சத்திரத்தைப் பின்தொடரும்போது சுமார் 1 ஆம்பியர், கேமரா குளிரூட்டலோடு 2 அல்லது 2.5, ஹீட்டர் பட்டை 1, ராஸ்பெர்ரி பை 1-க்கும் கீழே. ஆக 5 ஆம்பியர் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 40 ஏஎச். இதற்கு 12.8 வோல்ட், 50 ஏஎச் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி போதும்; ஆறு கிலோ சொச்சம்தான். லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் 80 ஏஎச்சாவது வேண்டும். உள்ளே பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கும் புது பேட்டரியாகவே வாங்குங்கள். பழைய ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து பிரித்த செல்லை மலிவாகத் தருகிறேன் என்பார்கள், தொடாதீர்கள். சார்ஜரும் 14.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் சார்ஜராக இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். பலரும் காசு முழுவதையும் பேட்டரியில் போட்டுவிட்டு, வீட்டில் கிடக்கும் மெல்லிய ஒயரை இழுத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் மவுன்ட் நின்றுபோனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒயரைத்தான். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை மூன்று மீட்டர் இழுத்தால், போக வர ஆறு மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் மவுன்ட் வேகமாகத் திரும்பினால் வோல்ட்டேஜ் இன்னும் விழும், மவுன்ட் ரீசெட் ஆகும், நட்சத்திரங்களைக் காட்டி மவுன்ட்டுக்குத் திசை சொல்லும் அலைன்மென்ட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்டுக்குள் முடிந்துவிடும்.

ஃபியூஸை பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒட்டியே வையுங்கள். அது காப்பாற்றுவது ஒயரை. கார் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸ் போதும்: மெயினுக்கு 15 ஆம்பியர், மவுன்ட்டுக்கும் கேமராவுக்கும் தனித்தனியாக 5, மற்றதற்கு 3. வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (தானாக விழும் சுவிட்ச்) இங்கே மாட்டாதீர்கள். பேட்டரி தரும் டிசியில் தீப்பொறி எளிதில் அணையாது. ராஸ்பெர்ரி பைக்கு 12-ஐ 5 வோல்ட் ஆக்கும் பக் கன்வெர்ட்டர், 3 ஆம்பியருக்குக் குறையாமல்.

சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டவே வேண்டாம், இருட்டில் கால் பட்டாலே கழன்றுவிடும். பேட்டரிப் பக்கம் எக்ஸ்டி60 என்ற இறுக்கமான கனெக்டர் போடுங்கள். கருவிப் பக்கம் டிசி பின் 2.1, 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு உண்டு, பார்க்க ஒரே மாதிரி. 2.5 பிளக் 2.1 சாக்கெட்டில் நுழையும், ஆனால் லூசாக நின்று விட்டுவிட்டுத் தொடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அள்ளிப் போடும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பார்ப்பது கட்டாயம்.

லித்தியம் பேட்டரியின் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட கடைசி வரை 13-ஐ ஒட்டியே நிற்கும். அதை வைத்து மிச்சத்தைக் கணிக்க முடியாது. ஓடிய கரண்டை அளந்து கூட்டிக் காட்டும், ஷன்ட் வைத்த ஏஎச் மீட்டர் போடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும் அதன் நீல வெளிச்சத்துக்கு மேல் சிவப்புத் தாள் ஒட்டாவிட்டால் நண்பர்களிடம் திட்டு வாங்குவீர்கள்.

கேள்வி: இதே பேட்டரிப் பெட்டியை, வானம் பார்க்க லடாக்கின் ஹான்லேவுக்கு விமானத்தில் கொண்டுபோகலாமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியாது. 12.8-ஐ 50-ஆல் பெருக்கினால் 640 வாட் மணி. தனி லித்தியம் பேட்டரி 100 வாட் மணி வரைதான் கைப்பையில் தாராளமாக அனுமதி. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். லேயில் டாக்ஸிக்காரரிடம் பேசி ஒரு கார் பேட்டரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாலை வழியே பெட்டியோடு போனால், ஹான்லே 4,000 மீட்டருக்கும் மேலான உயரம், இரவில் உறைநிலைக்குக் கீழே போகும்; அந்தக் குளிரில் லித்தியத்தைப் பயன்படுத்தலாம், சார்ஜ் மட்டும் போடக்கூடாது. காலையில் அறைக்குள் வைத்து, சூடேறிய பிறகு போடுங்கள்.