தஞ்சை வீதிகளில் நடந்தால்: வாசகர் கேள்வி பதில்

பழைய நகரங்களை நடந்தே காண்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் தஞ்சாவூரைப் பற்றியவையே மிகுதியாக இருந்தமையால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவ்வூருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகள் பரதநாட்டியம் கற்கிறாள். விடுமுறையில் தஞ்சாவூரில் 2 நாள் தங்க விரும்புகிறோம். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கும்பகோணம் போய்விடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நடந்து பார்க்கும் அளவுக்கு ஊருக்குள் வேறு என்ன இருக்கிறது? (வாசகி, சேலம்)

பதில்: அந்த 2 நாளையும் ஊருக்குள்ளேயே செலவிடுங்கள், நாட்டியம் கற்கும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பழைய தஞ்சாவூர் இரண்டு கோட்டைகளால் ஆனது. பெரிய கோயிலும் சிவகங்கைக் குளமும் அடங்கியது சின்னக் கோட்டை. அரண்மனையும் அதைச் சூழ்ந்த நான்கு ராஜ வீதிகளும் அடங்கியது பெரிய கோட்டை. மதில்களில் பெரும்பகுதி இன்று இல்லை என்றாலும், அகழியின் தடமும் வீதிகளின் அமைப்பும் மாறாமல் இருப்பதால், எங்கிருந்து எங்கே போகிறோம் என்பது நடப்பவருக்குத் தானாகவே விளங்கிவிடும். கோயிலிலிருந்து அரண்மனைக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவுக்கு மேல் இராது.

முதல் நாள் காலையில் பெரிய கோயில், அதன் பின் அருகிலேயே சிவகங்கைப் பூங்கா, அதை ஒட்டி 1779-இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயம் பல வேளைகளில் பூட்டியிருக்கும். திறந்திருந்தால் உள்ளே இருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்ஸின் கையை இரண்டாம் சரபோஜி மன்னர் பற்றியிருப்பதாக, இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் அதைச் செதுக்கினார். தமக்குக் கல்வி தந்த ஆசிரியருக்காக ஒரு மராட்டிய அரசர் கடல் கடந்து செய்வித்த நினைவுச்சின்னம் அது. மாலையில் மீண்டும் பெரிய கோயிலுக்கு வாருங்கள்.

இரண்டாம் நாளை அரண்மனைக்கும் வீதிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த பெரிய கோயில் தேரோட்டம் 2015-இல் மீண்டும் தொடங்கியபோது, தேர் வலம்வந்தது இந்த நான்கு வீதிகளையே. அந்த வழியில் நடந்தால், கோயில், அரசவை, இசைவாணர் இல்லம், கைவினைஞர் பட்டறை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் இருந்தன என்பது புலப்படும். தஞ்சையின் கலை ஏன் தஞ்சையில் வளர்ந்தது என்ற கேள்விக்கு அந்த அருகாமையே பெரிய விடை என்று நான் கருதுகிறேன். காரில் ஏறி ஒவ்வோர் இடமாக இறங்கிப் பார்ப்பவருக்கு இது பிடிபடுவதில்லை.

கேள்வி: பெரிய கோயிலுக்கு முன்பே சென்றிருக்கிறேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அங்கே ஒருவர் விளக்கினார். அது உண்மையா? விமானத்தையும் நந்தியையும் தவிர எதைப் பார்க்க வேண்டும்? சோழர் ஓவியங்களைக் காண முடியுமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: நிழல் விழும். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நின்றால் நீங்களே காணலாம். 1010-இல் முதலாம் இராஜராஜன் நிறைவேற்றிய, 200 அடிக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானத்துக்குப் பெருமை சேர்க்க இத்தகைய கதை எதுவும் தேவையில்லை. நீங்கள் கண்ட நந்தியும் சோழர் காலத்தது அன்று, நாயக்கர் காலத்தது.

பார்க்க வேண்டியது எது என்றால், தயங்காமல் கல்வெட்டு என்பேன். விமானத்தின் அதிட்டானத்தை, அதாவது அடிப்பீடத்தை, சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள். ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று இராஜராஜன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. தன் கொடையோடு தமக்கை குந்தவையின் கொடையையும், அரசியரின் கொடையையும், பெயரற்றுப் போயிருக்கக்கூடிய மற்றவர்களின் கொடையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்ன அரசனின் குரலை, அது வெட்டப்பட்ட கல்லின் முன்னே நின்று படிப்பது தனி அனுபவம். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள், கல்வெட்டுப் பாடத்தை முன்கூட்டியே அச்சு நூலிலிருந்து படியெடுத்துச் சென்றால் சில சொற்களையாவது அடையாளம் காணலாம்.

இந்தக் கல்வெட்டுகளுள் தளிச்சேரிக் கல்வெட்டு எனப்படுவதை, முதல் கேள்வியைக் கேட்ட சேலம் வாசகியும் தம் மகளுக்குச் சொல்ல வேண்டும். சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்து, கோயிலை அடுத்த தளிச்சேரித் தெருக்களில் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் ஒரு பங்கும் அளித்த செய்தியை அது கூறுகிறது. எந்தத் தெரு, அதன் தென்சிறகா வடசிறகா (தெற்கு வரிசையா வடக்கு வரிசையா), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர், அவர் பெயர் என்ன என்று அனைத்தும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆடலைப் பயிற்றுவித்து நடத்தும் நட்டுவம் செய்தவர்களும் இசைக்கருவி வாசித்தவர்களும் பிற பணியாளர்களும் அதே பட்டியலில் தொடர்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆடிய 400 பெண்களின் முகவரி நம்மிடம் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்து வெளியுலகுக்குத் தெரிவித்தார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சியும், திரிபுரம் எரித்தவரின் உருவமும் அவற்றுள் தலைசிறந்தவை. ஓவியங்களின் பாதுகாப்புக் கருதிப் பொதுமக்களை அந்தச் சுற்றுக்குள் விடுவதில்லை. முற்றத்தைச் சூழ்ந்த தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையில் தொல்லியல் துறை அமைத்துள்ள விளக்கக் கூடத்தில் அவற்றின் படங்களைக் காணலாம். மேல்தளச் சுற்றில் செதுக்கப்பட்டுள்ள, கரணங்கள் எனப்படும் நாட்டிய அசைவுகளைக் காட்டும் 81 சிற்பங்களையும் அவ்வாறே நேரில் காண விடுவதில்லை. 108 கரணங்களையும் செதுக்கத் தொடங்கி, மீதி 27 கற்களைச் செதுக்காமலே விட்டுவிட்டார்கள். கரணங்களைக் கண்ணால் காண விரும்பும் நாட்டிய மாணவியர் சிதம்பரம் கோபுர வாயில்களுக்குச் செல்வது நல்லது.

கேள்வி: தஞ்சை நால்வர் வாழ்ந்த ஊர் என்கிறார்கள். அவர்களுடைய நினைவாக ஊருக்குள் பார்க்க ஏதேனும் இருக்கிறதா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: மேலவீதிக்குச் செல்லுங்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்களின் பெயரோடு இணைந்தது அந்த வீதி. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று பரதநாட்டிய மேடைகளில் பின்பற்றப்படும் வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்கு செய்தவர்கள் அவர்களே. முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள்; சரபோஜி மன்னரின் அவையை அணிசெய்தவர்கள். அவர்களுள் இளையவரான வடிவேலு, பின்னர் திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாளின் அவையில் புகழ்பெற்றார். அம்மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அதே வீதியில்தான் பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பாதுகாப்புத் தேடி எடுத்துவரப்பட்ட பொன் காமாட்சித் திருமேனிக்கு வழிவழியாகப் பூசை செய்த குடும்பத்தில் தோன்றியவர் கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரி. அவருடைய பாடல்களில் தாயை நோக்கி மன்றாடும் குரலைக் கேட்டுப் பழகியவர்கள், சிறிய அந்தக் கோயிலில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வந்தால், பாடல்களின் பொருள் கூடுதலாக விளங்கும். பெருங்கூட்டமோ வழிகாட்டிகளோ அங்கே இல்லை.

வீதியில் உள்ள பழைய இல்லங்கள் இன்று தனியார் குடியிருப்புகள் என்பதை மறவாதீர்கள். கதவைத் தட்டுவதும் திண்ணையில் நின்று படம் எடுப்பதும் முறையாகாது.

இதோடு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நால்வரின் பெயரை நாம் மரியாதையுடன் சொல்கிறோம். அவர்கள் அமைத்த வர்ணங்களை அரசவையிலும் கோயிலிலும் முதன்முதலில் ஆடிக் காட்டிய பெண்களின் பெயர்களைக் கேட்டால் பெரும்பாலோர் விடையின்றி நிற்போம். 11-ஆம் நூற்றாண்டில் கல்லில் கிடைத்த இடம் 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேலவீதியில் ஒரு நினைவுப் பலகை வைக்கும் காலம் வந்தால், நட்டுவனார்களோடு அந்தக் கலைஞர்களுக்கும் அதில் இடம் தர வேண்டும்.

கேள்வி: அரண்மனையில் கலைக்கூடம், சரஸ்வதி மகால், தர்பார் மண்டபம், சங்கீத மகால் என்று பல பகுதிகள் உள்ளன. எனக்கு அரை நாள்தான் இருக்கிறது. எதற்கு முன்னுரிமை தருவது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கலைக்கூடத்துக்கே முதலிடம் தாருங்கள். 1951-இல் தொடங்கப்பட்ட அக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகளுக்கு ஈடானவற்றை உலகில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த இடபவாகனர், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவன், காளையின் மீது கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார், காளை கிடைக்கவில்லை. காளை இல்லாத வெற்றிடத்திலும் அந்தக் கையின் தளர்ச்சி குலையாமல் நிற்பதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் பாருங்கள். அருகில் உமை. கல்யாணசுந்தரர் தொகுதியில் மணமகளின் தலை சற்றே தாழ்ந்திருக்கும் நுட்பத்தையும் கவனியுங்கள். அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டாலும் அது வீணாகாது.

அடுத்து சரஸ்வதி மகால். நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோஜியால் பெருகி, 1918-இல் பொது நூலகமான அதன் சுவடி அறைகள் ஆய்வாளர்களுக்கு உரியவை; ஆனால் அதன் சிறிய அருங்காட்சியகத்தை எவரும் காணலாம். தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி என 40,000-க்கு மேற்பட்ட சுவடிகளைக் கொண்ட தொகுப்பிலிருந்து சில அங்கே காட்சிக்கு உள்ளன. சரபோஜி நடத்திய கண் மருத்துவத்தின் நோயாளர் குறிப்புகளும், அவற்றோடு வரையப்பட்ட கண்களின் ஓவியங்களும் அந்தத் தொகுப்பின் தனிச்சிறப்பு. நேரம் எஞ்சினால் தர்பார் மண்டபம். சங்கீத மகாலை ஒலியமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: தஞ்சாவூர் வீணை செய்வதையும் ஓவியம் தீட்டுவதையும் நேரில் பார்க்க இயலுமா? ஓவியம் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, ஈரோடு)

பதில்: தெற்கு வீதிப் பகுதியிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் வீணைப் பட்டறைகள் உள்ளன, வாசலில் நின்று அனுமதி கேட்டால் பெரும்பாலான கைவினைஞர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். பலா மரம்தான் வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைச் சிறந்ததாகக் கொள்வார்கள். குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே மரத்தில் குடையப்பட்டால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. இவற்றைவிட நுட்பமானது மேளம் கட்டுதல்: தண்டியின் இரு ஓரங்களிலும் மெழுகை வார்த்து, சுர இடங்களைக் குறிக்கும் உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து, ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் பேசுகிறதா என்று காதால் அளந்து நிறுத்துவார்கள். அந்த வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் நிற்பதே நாம் செய்யக்கூடிய உதவி. 2013-இல் இந்த வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் உளி பிடிக்க வரும் இளைஞர்கள் குறைந்துகொண்டே இருப்பது கவலைக்குரியது.

ஓவியத்தைப் பொறுத்தவரை, பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கினால் நகைகளையும் தூண்களையும் மேடாக்கி, கற்களைப் பதித்து, அதன்மேல் பொன் தகட்டை ஒட்டி, இறுதியில் வண்ணம் தீட்டுவது மரபு. உண்மையான பொன் தகடு பல்லாண்டு கழிந்தும் மங்காது; மலிவான போலித் தகடு சில ஆண்டுகளில் கறுக்கத் தொடங்கும். ஆகவே பொன் தகடா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்குவதைக் காட்டிலும், முகத்தை எழுதும் கை யாருடையது என்று தெரிந்து அவரிடமே வாங்குவது இருவருக்கும் நல்லது.

கேள்வி: எனக்கு 70 வயது, மூட்டு வலி உண்டு. இந்த நடை எனக்கு இயலுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இயலும், ஆனால் முழுதும் நடக்க வேண்டாம். கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடைப்பட்ட தொலைவை ஆட்டோவில் கடந்துவிடுங்கள். பெரிய கோயிலின் முற்றம் மட்டுமே ஏறத்தாழ 800 அடி நீளமும் 400 அடி அகலமும் கொண்டது. வெறுங்காலோடு நடக்க வேண்டிய அந்தக் கல்தளம் நண்பகலில் சுடும் என்பதால், மாலை 4 மணிக்குப் பிறகு செல்லுங்கள். சந்நிதிகளும் நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். திருச்சுற்று மாளிகையில் உட்கார இடமும் நிழலும் உண்டு. மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. சித்திரை, வைகாசி மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பீரங்கி மேடு என்ற இடத்தைப் பார்க்கச் செல்வது பயனுள்ளதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கீழவாசலில் இருக்கிறது. நாயக்கர் காலத்தைச் சேர்ந்த அந்த இராஜகோபால பீரங்கி ஏறத்தாழ 25 அடி நீளமும் 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. இரும்பை உருக்கி வார்த்தது அன்று, நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, வளையங்களைப் பூட்டி, காய்ச்சி அடித்து இணைத்தது. அரண்மனையிலிருந்து கீழவாசலுக்கு நடந்தே செல்லலாம். மேட்டின் மீது ஏறிப் பீரங்கியின் வாய்ப்புறம் நின்றால், உள்ளே பட்டைகள் சேரும் கோடுகளைக் காணலாம். கொல்லர்களின் திறனை அறிய அந்த ஒரு பார்வை போதும்.