டிசைன் இருக்கட்டும், தரை காய்ந்திருக்கிறதா?

கே: முத்தியால்பேட்டையில் தரைத்தள வீடு, நாற்பது வருஷப் பழசு. ஐப்பசி வந்தால் தரையில் ஓதம் அடிக்கும். பழைய பூப்போட்ட சிமென்ட் கல் மாதிரியே வினைல் டைல் வருகிறதாம், பின்பக்கத் தாளை உரித்து ஒட்டினால் போதுமாம். ஒட்டலாமா?

ப: கீழ் வீட்டில் வேண்டாம் சார், மாடி இருந்தால் அங்கே தாராளமாக ஒட்டுங்கள். சிமென்ட் கல் மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டுவிடும், ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். வினைல் பிளாஸ்டிக் ஆயிற்றே, மூடி போட்ட மாதிரி ஆகி, போக வழியில்லாத ஈரம் பசையைத் தின்ன ஆரம்பிக்கும்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு வீட்டுக்கு வைகாசியில் ஒட்டிக் கொடுத்தேன். தரை பார்க்கக் காய்ந்துதான் இருந்தது, நானும் சோதிக்கவில்லை. கார்த்திகையில் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் நாலு டைல் மூலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, ஒன்றை உரித்தால் பண்ருட்டிப் பலாவை அரிந்த கை மாதிரி பசை பிசுபிசுவென்று நூல் விடுகிறது, அடியில் கறுப்பாகப் பூசணம். தப்பு என்னுடையது, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு எடுங்கள். தாளின் அடியில் துளி நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ வினைலை மறந்துவிடுங்கள். ஆனால் இதை மழைக்காலத்தில் செய்யவேண்டும், சித்திரை வெயிலில் எல்லாத் தரையும் பாஸ்தான். 2024 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெரு என்றால் சோதனையே வேண்டாம், சாதா செராமிக் டைல்ஸ் போடுங்கள்.

கே: பத்துக்குப் பத்து படுக்கையறை. பெரிய பூவா, சின்னப் பூவா? எத்தனை டைல் வாங்கவேண்டும்?

ப: நாலு டைல் சேர்ந்து ஒரு பூ வருகிற டிசைனில், ஓரடி டைல் என்றால் பூ இரண்டடி. கட்டில், பீரோ போட்டபின் உங்களுக்குத் தெரியப்போவது நடைபாதையும் அரைப் பூவும்தான். ஒரு டைலுக்குள்ளேயே முடிகிற டிசைன் வாங்குங்கள் அம்மா. 100 சதுரடிக்கு 110 போதும், பெரிய பூதான் வேண்டுமென்று அடம்பிடித்தால் 115. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நிறம் மாறும். நடு அறையில் நூல் பிடித்து, ஒட்டாமல் ஒரு வரிசை அடுக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தால் ஒரு பக்கம் முழுப் பூ, எதிர்ப்பக்கம் கால் பூ என்று நிற்கும்.

கே: கடையில் 2 எம்எம், 3 எம்எம் என்கிறார்கள். எது உழைக்கும்?

ப: மொத்தக் கனத்தை மட்டும் கேட்காதீர்கள். பூ என்பது அச்சடித்த ஒரு மெல்லிய படலம், அதன்மேல் தேய்மானத்தைத் தாங்க இருக்கிற கண்ணாடி மாதிரியான 'wear layer'தான் உழைப்பது, அதன் கனத்தைக் கேளுங்கள். படுக்கையறைக்கு 0.3 எம்எம், ஹாலுக்கு 0.5. கடற்கரைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கண்டிப்பாக 0.5, மணல் உப்புத்தாள் வேலை செய்யும். அப்புறம், மெல்லிய வினைலை பழைய டைல்ஸ் மேல் ஒட்டினால் அடியிலிருக்கிற ஜாயின்ட் கோடு கொஞ்ச நாளில் மேலே தெரியும், முதலில் அதை நிரப்பி மட்டமாக்கவேண்டும்.

கே: சமையலறை, பூஜை அறைக்கு ஆகுமா?

ப: ஆகும். குக்கரை இறக்கித் தரையில் வைக்காதீர்கள், கற்பூரம் விழுந்தால் ஓட்டைதான், விளக்கைத் தாம்பாளத்தில் வையுங்கள். மஞ்சளை உடனே துடைத்துவிடுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி மட்டும் கூடவே கூடாது, அதன் அடியில் பழுப்பாக விழுகிற கறை எதற்கும் போகாது. பழைய பருத்தித் துணியை மடித்துப் போடுங்கள்.

கே: தாத்தா கட்டிய வீட்டில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, மங்கிப்போய்விட்டது. மேலே வினைல் ஒட்டலாமா?

ப: தம்பி, அதை மூடாதீர்கள். பல வருஷம் எண்ணெயும் மெழுகும் ஏறிய தரையில் பசை சரியாகப் பிடிக்காது, பிறகு உரித்தால் தரையும் சேர்ந்து வரும். நன்றாகக் கழுவி, காயவிட்டு, ஒரு மூலையில் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.