ஆண்கள் இரட்டையர் டென்னிஸில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: ஒற்றையர் ஆட்டங்களை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறேன். அதே தொடரில் ஆண்கள் இரட்டையர் வந்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. இரண்டு மூன்று அடியிலேயே புள்ளி முடிந்துவிடுகிறது. எதைப் பார்த்து ரசிப்பது?

பதில்:

பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாதுதான். ஒற்றையர் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் போகும். இரட்டையரில் ஆட்டத்தை நடத்துவது பெரும்பாலும் பந்தை அடிக்காமல் வலையோரம் நிற்கிறாரே, அவர்தான். அடுத்த முறை ஒரு கேம் முழுக்க அவரை மட்டும் கவனியுங்கள், பந்து எங்கே போனாலும் போகட்டும்.

சர்வுக்கு முன்னால் அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைக் காட்டுவார். இல்லையென்றால் இருவரும் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கிசுகிசுத்துவிட்டுப் பிரிவார்கள். அங்கே முடிவாவது இரண்டே விஷயம்: சர்வ் பெட்டிக்குள் எந்தப் பக்கம் விழப்போகிறது, விழுந்ததும் இவர் குறுக்கே பாயப்போகிறாரா இல்லை நின்ற இடத்திலேயே நிற்கப்போகிறாரா. டிவியில் கேமரா வழக்கமாக ஒரு பக்கத்து பேஸ்லைனுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால், நம் பக்கத்து அணி சர்வ் போடும்போது அந்த விரல்கள் நமக்குத் தெரியும், எதிரே ரிட்டர்ன் அடிக்கப்போகிறவருக்குத் தெரியாது. இந்த ஒன்றுக்காகவே நான் இரட்டையர் பார்ப்பேன்.

ரிட்டர்ன் அடிப்பவர் சாதாரணமாகக் குறுக்காக, சர்வ் போட்டவர் பக்கமே திருப்பத்தான் பார்ப்பார். வலைக்காரர் குறுக்கே பாய்ந்து அதை வெட்டினால் கதை முடிந்தது. பாய்வார் என்று ஊகித்து நேராக அடித்தால் அவர் விட்டுப்போன இடம் வெறிச்சென்று கிடக்கும். ஆனால் அவர் பாய்வதுபோல் தோளை மட்டும் அசைத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தால்? போச்சு. இவ்வளவும் ஒரு நொடிக்குள். நீங்கள் இரண்டு அடியில் முடிந்துவிட்டது என்று சொல்கிற புள்ளியில் பாதி ஆட்டம் சர்வுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஐ ஃபார்மேஷன் என்று ஒன்று உண்டு, அது இன்னும் வேடிக்கை. சர்வ் போடுபவர் பேஸ்லைனின் நடுக்குறியை ஒட்டி வந்து நிற்பார், பார்ட்னர் நடுக்கோட்டிலேயே வலைக்குக் கீழே தலை மறைகிற மாதிரி குந்தியிருப்பார். வலை நடுவில் 3 அடி உயரம்தான், ஆறடி ஆள் அதற்குள் மடங்கி உட்கார வேண்டும். அவசரப்பட்டு எழுந்தால் சொந்தப் பார்ட்னரின் சர்வே பிடரியில் விழும், விழுந்தால் அது ஃபால்ட் வேறு. பந்து தலைக்கு மேலே போனதும் அவர் இடமோ வலமோ கிளம்புவார், பின்னால் இருப்பவர் மறுபக்கத்துக்கு ஓடுவார். எந்தப் பக்கம் காலியாகும் என்று கடைசிவரை தெரியாமல் ரிட்டர்ன் அடிப்பதுதான் அந்தப் பக்கத்து ஆளின் தலைவலி. நல்ல ரிட்டர்ன் ஆட்டக்காரர்கள் இதற்கு வேகத்தை நம்புவதில்லை. வலையைத் தாண்டியதும் காலடியில் தாழ்கிற மாதிரி மெதுவாக விடுவார்கள், இல்லையென்றால் தலைக்கு மேலே லாப்.

அகலக் கணக்கையும் பாருங்கள். ஒற்றையருக்கு 27 அடி, இரட்டையருக்கு 36. ஆள் இரண்டு மடங்கு, இடம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல், சர்வ் பெட்டி துளியும் மாறாது. காலி இடம் என்று ஒன்று தானாகக் கிடைக்காது, எதிராளியை நகர்த்தித்தான் உண்டாக்க வேண்டும். அதனால்தான் இருவருக்கும் நடுவில் அடிக்கிறார்கள், யார் எடுப்பது என்ற தயக்கமே போதும்.

சர்வ் வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வர்ணனையில் அதிகம் சொல்ல மாட்டார்கள். பக்கம் மாறுவதும் சர்வ் முறை சுற்றிவருவதும் சேர்ந்து, ஒரு செட் முழுக்க ஒவ்வொருவரும் ஒரே பக்கத்திலிருந்துதான் சர்வ் போடுவார்கள். வெயில் கண்ணில் அடிக்கிற பக்கம் ஒருவருக்கு மாட்டினால் அந்த செட் முடியும்வரை அவருக்குத்தான். அணியில் ஒருவர் இடதுகை என்றால் யாருக்கு எந்தப் பக்கம் தொந்தரவு குறைவு என்று பார்த்து வரிசையை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களில் பாப் இடதுகை, மைக் வலதுகை. சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம், மொத்தம் 119 பட்டங்கள் வென்றதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் கொடுத்து வைத்த அமைப்பு.

அப்புறம் ஸ்கோர். ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) நடத்தும் தொடர்களில் 40-40 ஆனால் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே புள்ளி, எந்தப் பக்கம் நின்று ரிட்டர்ன் எடுப்பது என்பதை ரிட்டர்ன் அணியே தேர்ந்தெடுக்கும். இது எனக்குப் பிடிக்கும், ஒவ்வொரு கேமிலும் கழுத்தில் கத்தி தொங்குகிறது. ஆளுக்கு ஒரு செட் எடுத்தால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டை-பிரேக், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். இது சரியில்லை என்பேன். 6-1, 5-7 என்று ஆடிய அணி, கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு ரிட்டர்ன் சரியாகப் பட்டுவிட்ட எதிரணியிடம் தோற்று வீட்டுக்குப் போகிறது. கிராண்ட்ஸ்லாம்களில் மூன்றாவது செட்டை முழுதாக ஆடுகிறார்கள், 6-6 ஆனால்தான் அந்த டை-பிரேக். திறமை யாரிடம் என்று தெரிய அதைப் பார்ப்பது நல்லது.

ஒற்றையரில் எடுபடாதவர்கள் ஒதுங்குகிற இடம் இது என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் தனித் திறமை ஒன்று இல்லாமல் இங்கே பல வருடம் நிலைக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் மேக்ஸ் பர்செலோடு சேர்ந்து ஆடி கிர்கியோஸ்–கோக்கினாகிஸ் ஜோடியிடம் தோற்றார், அதே வருடம் அதே பர்செலோடு விம்பிள்டன் வென்றார், 2024-இல் ஆஸ்திரேலிய ஓபனை ரோஹன் போபண்ணாவோடு வென்றார். போபண்ணாவுக்கு அப்போது 43 வயது, உலகத் தரவரிசையில் முதலிடமும் அப்போதுதான் முதல்முறையாக வந்தது. ஒற்றையரில் அந்த வயதில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? இங்கே ஓட வேண்டிய தூரம் குறைவு, சர்வும் கையின் நிதானமும் அனுபவமும் ஈடுகொடுத்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால் அந்த 2022 விம்பிள்டன் இறுதியைத் தேடிப் பாருங்கள். எப்டன்–பர்செல் எதிரே குரோஷியாவின் மெக்டிச்–பாவிச். ஐந்து செட் போய், கடைசி செட்டும் 6-6 ஆகி டை-பிரேக்கில்தான் முடிந்தது. 2023-இலிருந்து விம்பிள்டன் ஆண்கள் இரட்டையரையும் மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார்கள், அதனால் இவ்வளவு நீளமான இறுதி அங்கே இப்போது கிடைக்காது. முழு ஆட்டத்துக்கும் நேரமில்லையென்றால் கடைசி இரண்டு செட்டையாவது பாருங்கள், கண் வலையோரத்திலேயே இருக்கட்டும்.