புதிய திகில் படம் ஏன் பழையதுபோல் தெரிகிறது?

பாலைவனத்தில் சிக்கியவர்கள் உயிர்பிழைக்கப் போராடும் புதிய திகில் படங்கள் சில, 1970களில் எடுத்தவைபோல் புள்ளி புள்ளியாகத் தெரிவது ஏன்? பழைய சாயலை வேண்டுமென்றே பூசுகிறார்கள். இதுவே ரெட்ரோ பாணி.

இயக்குநர் வெஸ் கிரேவன் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் எடுத்து 1977இல் வெளியான ‘தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்’ 16 மி.மீ. பிலிமில் பதிவானது. சிறிய பிலிமைப் பெரிய திரைக்கு விரித்தால் அதன் நுண்துகள்களும் பெரிதாகி மணல்போல் நெளியும். தொலைவில் நிற்பது புதரா, ஆளா என்று கண் திணறும். பயம் அங்கேதான் பிறக்கிறது.

ஆனால் பழைய சாயல் மட்டும் போதாது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டைக் காப்பிக் கடையாக்குபவர்கள் சிலர் காரை உதிர்ந்த சுவரை அப்படியே விடுவார்கள் (விலையில் அதுவும் சேரும்!). காப்பி நீர்த்திருந்தால் யார் மறுபடியும் அங்கே போவார்? படம் பார்ப்பவர்களும் அப்படித்தான்: துகளை ரசித்துவிட்டு, “பாலைவனத்தில் வண்டி நின்றதும் இவர்கள் ஏன் ஆளுக்கொரு திசையில் நடக்கிறார்கள்?” என்றுதான் கேட்கிறார்கள்.

மங்கலாக இருப்பதால் மலிவுப் படம் என்று எண்ண வேண்டாம்; டிஜிட்டலில் துல்லியமாக எடுத்து, பிறகு துகள் சேர்ப்பவர்களும் உண்டு.