அப்பா அம்மாவைச் சுமோவுக்கு அழைத்துப் போகும் தம்பிக்கு

மே மாதம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் டோக்கியோ வருகிறார்கள், ரியோகோகு கொகுகிகானில் சுமோ பார்க்க எந்த டிக்கெட் எடுப்பது, என்ன உடுத்துவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உடுப்பு உங்கள் இஷ்டம். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த அரங்கில் பேர்போன பண்டமே யாகிதோரி என்ற, குச்சியில் குத்திச் சுட்ட கோழிதான். டிக்கெட்டைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மாசு-செகி என்ற கீழ்த்தளக் கட்டத்தை எடுக்காதீர்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். கம்பியால் தடுத்த சின்னச் சதுரம், நாலு குஷன், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட வேண்டும். நாலு பேருக்கு என்று கணக்கு, ஆனால் மூன்று பேருக்கே முட்டி இடிக்கும். முதுகு சாய எதுவும் கிடையாது. தரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே நாம் என்று வீரம் பேச வேண்டாம். பந்தியில் அரை மணி உட்காருவது வேறு, இங்கே மூன்று மணி நேரம் உட்காருவது வேறு. மேடையை ஒட்டிய தமாரி-செகி இன்னும் மோசம்: சாப்பிடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, 150 கிலோ ஆள் மடியில் வந்து விழலாம். பேசாமல் இரண்டாம் தளத்தில் நாற்காலி எடுங்கள். தூரம்தான், ஆனால் 4.55 மீட்டர் வளையம் முழுதும் தெரியும். டிக்கெட்டைச் சுமோ சங்கத்தின் விற்பனைத் தளத்திலேயே, விற்பனை திறக்கும் அன்றே வாங்குங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூடுதல் விலை வைத்து விற்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நம்பாதீர்கள்.

மூன்றரை மணிக்குள் உள்ளே இருந்தால் முதல் பிரிவு வீரர்கள் மேடையேறும் சடங்கு கிடைக்கும், ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பெரியவர்களுக்கு அது போதும்.

நீங்கள் மட்டும் ஒருநாள் காலையிலேயே போங்கள். நம்மவர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு, குண்டர்கள் தள்ளிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று சிரிப்பவர்கள் யாரும் காலை ஆட்டம் பார்த்ததில்லை. நான் வந்தது ஒரு ஜனவரியில். மொழி தெரியாது, அலுவலகத்தில் பேச ஆளில்லை, குளிருக்கு எத்தனை உடுப்புப் போட்டாலும் போதவில்லை. மேலே மலிவான இருக்கையில் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். காலி அரங்கில் கடைநிலைப் பையன்கள் மோதிக்கொண்டிருப்பார்கள். ஜூர்யோ என்ற இரண்டாம் பிரிவுக்குக் கீழே மாதச் சம்பளமே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அந்தக் குளிரிலும் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்புமாக ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். யார் எந்தப் பிடியில் ஜெயித்தார் என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் அரைகுறை ஜப்பானிய மொழியில் நான் சொன்னபோதுதான் என் பிரிவுத் தலைவர் முதன்முதலாக நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.