கட்டாரிலிருந்து வந்த முத்துமாலையும் அம்மம்மாவின் சிமிக்கியும்

கல்முனையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி, மகளின் கலியாணத்துக்கென்று முத்துமாலை ஒன்று கொண்டுவந்திருக்கிறான். அசல் என்று கடையில் சொன்னார்களாம். பக்கத்து வீட்டு அக்கா நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்கிறார். அதற்குப் பொருத்தமாகப் பவுணில் முத்துத் தோடும் வாங்க வேண்டும். அம்மம்மாவின் முத்துச் சிமிக்கி ஒன்று மங்கிப்போய் இருக்கிறது. பத்தர் அதைக் காய்ச்சி, புளிபோட்டு மெருகேற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்களானால் இன்றே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தர் பொன்வேலையில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், பொன்னுக்கு நல்லது செய்யும் அந்த இரண்டுமே, அதாவது நெருப்பும் புளியும், முத்துக்குக் கெடுதல் செய்பவை.

முத்து மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுக்கும் கல் அன்று. சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தைப் பூசுகின்ற அதே பொருளைத்தான் முத்தின்மேலும் படை படையாகப் பூசுகிறது. அது மிக மெல்லிய தகடுகளாகப் படிந்த கல்சியம் காபனேற்றும், அந்தத் தகடுகளை ஒட்டிப் பிடிக்கும் ஒருவகைப் புரதமும், சிறிதளவு நீரும் சேர்ந்தது. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்வதை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. முத்தை நெருப்பில் காட்டுவது அதையும் அந்த வழியில் அனுப்புவதுதான்: புரதம் கருகும், தகடுகள் வெடிக்கும், நிறம் மாறும். சோதனையில் அது அசல் என்று தெரியவரும்போது அசலாக இருந்த முத்து கையில் இராது. புளி, தேசிக்காய், வினாகிரி முதலிய எந்தப் புளிப்பும் சுண்ணாம்பை அரிப்பதுபோல முத்தையும் அரிக்கும்.

இனித் தம்பியின் மாலைக்கு வருவோம். "அசல்" என்ற சொல்லைக் கடைக்காரர் ஒரு பொருளிலும் வாங்குபவர் வேறொரு பொருளிலும் பயன்படுத்துவதால்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் வருகின்றன. மனிதர் கைபடாமல் சிப்பிக்குள் தானே விளைந்தது இயற்கை முத்து. சிப்பிக்குள் சிறு மணியையோ இன்னொரு சிப்பியின் சதைத் துண்டையோ வைத்து விளைவிப்பது வளர்ப்பு முத்து. யப்பானில் மிக்கிமோட்டோ கொக்கிச்சி 1893 ஆம் ஆண்டில் முதன்முதலாக அரைவட்ட முத்தை இவ்வாறு விளைவித்தார். உருண்டையான வளர்ப்பு முத்துகள் 1920களில் சந்தையை நிரப்பத் தொடங்கின. இன்று கடைகளில் விற்கப்படும் முத்துகளில் ஏறத்தாழ எல்லாமே வளர்ப்பு முத்துகள்தாம். அவற்றிலும் மிகப் பெரும்பகுதி சீனாவின் நன்னீர்க் குளங்களில் விளைபவை. வளர்ப்பு முத்து போலி அன்று. சிப்பி பூசிய முத்துப் படை அதிலும் உண்டு. கண்ணாடி, பிளாஸ்ரிக் அல்லது சிப்பித்தூள் மணியின்மேல் மினுக்குப் பூச்சுப் பூசியதே போலி. ஆகவே உங்கள் தம்பியின் மாலை வளர்ப்பு முத்தாக இருந்தால் அவர் ஏமாறவில்லை. இயற்கை முத்தின் விலையைக் கொடுத்திருந்தால் மட்டுமே ஏமாந்திருக்கிறார்.

போலியா என்று பார்க்க, மாலையில் இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மிக மெதுவாக உரசுங்கள். சிப்பி பூசிய படை, நுண்மணலைத் தொட்டதுபோல நறநறவென்று இருக்கும்; பூச்சு வழுக்கிக்கொண்டு போகும். பல்லில் உரசிப் பார்ப்பதும் இதே சோதனைதான், ஆனால் கடைக் கண்ணாடிப் பெட்டியில் பலர் கைபட்ட மாலையை வாயில் வைப்பது எனக்கு உவப்பானதன்று. இந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்யவும் வேண்டாம், ஏனெனில் நறநறக்கும் போலிகளும் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் வில்லை நகைக்கடைகளில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, நூல் நுழையும் துளையின் விளிம்பைப் பாருங்கள். போலியில் சுவரின் பெயின்ற் உரிவதுபோலப் பூச்சு அந்த இடத்தில் மேலெழுந்தோ சுருண்டோ உதிர்ந்தோ நிற்கும். மணி வைத்து வளர்த்த முத்தில் வெளிப்படைக்கும் உள்ளிருக்கும் மணிக்கும் இடையே மெல்லிய கோடு ஒன்று வட்டமாகத் தெரியும். அசல் முத்துகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதும் அரிது. அறுபது முத்துகளில் ஒரு சிறு குழியோ நிற வேறுபாடோ இல்லாத மாலை மலிவாகக் கிடைத்தால், அதுவே சந்தேகப்படக் காரணம்.

போலி இல்லை என்று தெரிந்த பின்பும் தரம் என்ற கேள்வி இருக்கிறது. நம்மவர்கள் பருமனைப் பார்க்கிறார்கள். நான் மேனியை, அதாவது மேற்பரப்பின் ஒளியைப் பார்க்கச் சொல்வேன். குழல் விளக்கின் கீழே முத்தைப் பிடித்தால் அந்த விளக்கின் கோடு முத்தின்மேல் கூர்மையான விளிம்போடு விழ வேண்டும். பாலில் கரைந்ததுபோல் பரவி மங்கினால் ஒளி குறைவு. பிறகு மாலையைக் கையில் மெதுவாக உருட்டுங்கள். சில முத்துகள் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருண்டும் சிமிட்டினால், மணியின்மேல் படை மிக மெல்லிதாக இருந்து உள்ளிருக்கும் மணியின் வரிகள் வெளியே தெரிகின்றன என்று பொருள். அவை சில வருடங்களில் உரிந்து போகலாம். நன்னீர் முத்துகளில் பலவற்றுக்கு உள்ளே மணியே இல்லாததால் இந்தக் குறை அவற்றில் குறைவு. உருட்சி சற்றுக் குறைந்த, மேனி நல்ல நன்னீர் முத்துமாலையை, உருண்டையாகப் பெருத்து மேனி செத்த கடல் முத்துமாலையைவிட நான் எப்போதும் மேலாகவே மதிப்பேன்.

பவுணில் முத்துத் தோடு வாங்கும்போது கவனிக்க வேண்டியது நிறை. 7 மில்லிமீற்றர் முத்து ஒன்று அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அத்தகைய 16 முத்துகள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு பவுணின் நிறை வந்துவிடும். முத்தோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பொன் விலை போடுகிற இடத்தில், தோடு சிறிதென்றால் இழப்பும் சிறிது. முத்துக் கோத்த அட்டியலோ நீண்ட மாலையோ என்றால் அது தாங்க முடியாத இழப்பு. பொன்னின் நிறையையும் முத்தின் விலையையும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். முத்து வளர்ப்பா இயற்கையா, நன்னீரா கடல்நீரா என்பதும் அதில் இருக்கட்டும். நாளைக்கு அடகு வைக்க நேர்ந்தால் அங்கே பொன்னை மட்டுமே கணக்கிடுவார்கள். தோட்டில் முத்து பெரும்பாலும் பாதியளவு துளைத்து, சிறு கம்பியில் பசைவைத்து ஒட்டப்பட்டிருக்கும். விரலால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கையில் அசையக் கூடாது.

சாதகப் பலனுக்காக முத்து மோதிரம் அணியும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் முத்தை வைப்பதற்கு மோதிரத்தைவிட மோசமான இடமில்லை. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பெண்மணி கொண்டுவந்த மோதிரத்தில் முத்தின் ஒரு பாதி, உள்ளங்கை பக்கம் திரும்பியிருந்த பாதி, சுண்ணாம்புக் கட்டிபோல வெளிறிச் சொரசொரத்திருந்தது, மறுபாதி பளபளத்தது. கேட்டபோது, தேசிக்காய் ஊறுகாய் போடும்போதும் மீன் கழுவும்போதும் கழற்றுவதில்லை என்றார். அரித்துப்போன படையை எந்தக் கைவேலையாலும் திரும்பப் பூச முடியாது.

மாலையையும் தோட்டையும் அப்படி ஆகாமல் காப்பது கடினமன்று. கலியாண நாளில் பவுடர், அத்தர், முடிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகே முத்தை அணிய வேண்டும். வீடு திரும்பியதும் முதலில் கழற்ற வேண்டும். பன்னீர், சந்தனம், மஞ்சள் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். நம் கரையோரத்தில் வியர்வைக்குக் குறைவில்லை, அதுவும் முத்தை அரிக்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சற்றே நனைத்துத் துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றியெடுத்தால் போதும். நீரில் ஊறவைத்தால் நூல் உப்பி, இழுபட்டுவிடும்.

நூலை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். நல்ல மாலையில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சு இருக்க வேண்டும். அது இல்லாத மாலை கோவில் வீதியில் அறுந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முடிச்சிருந்தால் ஒரு முத்து மட்டுமே கழன்று விழும். மாலையைத் தூக்கிப் பிடிக்கையில் முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. அடிக்கடி அணிபவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக் கோக்க வேண்டும். ஆணியில் தொங்கவிடாமல், துணிப்பையில் படுக்கையாக வையுங்கள். நீலக்கல் மோதிரத்தோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறல் விழும். மாரி மாதங்களில் ஈரத்தில் நூல் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் வீசும் காலத்தில் இரும்பு அலுமாரிக்குள் முத்தே காய்ந்து வெடிக்கக்கூடும். ஆகவே பொலித்தீன் உறையில் இறுக்கி அடைக்கவும் வேண்டாம், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையோ பூச்சி உருண்டையையோ பக்கத்தில் போடவும் வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் இருப்பவற்றை இடைக்கிடை எடுத்து ஒருநாள் அணிந்துகொள்வது நல்லது.

அம்மம்மாவின் சிமிக்கி எந்தக் காலத்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது அவருடைய தாயார் காலத்தில் செய்யப்பட்டது என்றால் அதிலுள்ளவை மன்னார்ப் பாரில், அதாவது கடலடியில் முத்துச்சிப்பி வளரும் திட்டில், குளித்தெடுத்த இயற்கை முத்துகளாக இருக்க இடமுண்டு. 1905 இல் மரிச்சுக்கட்டிப் பக்கத்தில் பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. அடுத்த வருடம் அரசு அந்தப் பார்களை ஒரு கொம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது, சிப்பிகளோ சில வருடங்களிலேயே அற்றுப்போயின. அக்காலத்து முத்துகள் சிறியவை, சற்றுக் கோணலானவை, வெண்மையில் இலேசான மஞ்சள் ஓடியவை. அந்த மஞ்சள் அழுக்கன்று. உறுதியாக அறிய எக்ஸ்ரே பரிசோதனையே வழி. அதற்கு முன் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக் கூடத்தில் விசாரியுங்கள்.

மங்கல் பல நேரங்களில் சவர்க்காரமும் எண்ணெயும் படிந்ததாகவே இருக்கும். ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடைத்துப் பாருங்கள். நீரில் அமிழ்த்த வேண்டாம், ஏனெனில் பழைய நகைகளில் கற்களுக்குப் பின்னால் அரக்கு நிரப்பியிருக்கலாம். பொன்பகுதியில் உடைவு இருந்து பற்றவைக்கத்தான் வேண்டுமென்றால், முத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணி, படம் பிடித்து உங்களிடமே வைத்துக்கொண்டு பொன்னை மட்டும் பத்தரிடம் கொடுங்கள். அவர் காய்ச்சி, கழுவி, மெருகேற்றிக் கொடுத்த பிறகு முத்துகளைக் கொண்டுபோய் உங்கள் முன்னாலேயே திரும்பக் கோக்கச் சொல்லுங்கள்.